நாற்பத்தாறு கிலோ

அன்று அரிசி ஆலைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பெரியவர் ஆனந்தராஜ். அவர் மனைவி புவனேஸ்வரி. வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம் வைத்திருந்த அவர்கள் மகள் சிவரஞ்சனி. புவனேஸ்வரியின் தம்பி, கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்யும் முத்துராமன். புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் திருமுருகன். வேறு யாரும் இல்லை.

காலை மணி பதினொன்று இருக்கும். ஐப்பசி மாதத்து வானம் தகரக் கூரைக்கு மேலே கறுத்துத் தொங்கியது. மழை இன்னும் இறங்கவில்லை. பழைய உமி வாசனையும் புது ஆயில் வாசனையும் கலந்து கொட்டகைக்குள் தேங்கி நின்றன. கொட்டகை நடுவே நின்ற பழைய காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் முத்துராமன் கொண்டுவந்த நான்கு மேடைத் தராசுகள். எந்தச் சக்கரம் எவ்வளவு எடை சுமக்கிறது என்று பார்த்து வண்டியைச் சமன்படுத்த வேறு கருவி அந்தப் பக்கத்தில் கிடையாது. முந்திரி மூட்டை நிறுக்கிற தராசே போதும் என்று யோசனை சொன்னது சிவரஞ்சனி. அவள் சென்னையில் கார் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

திருமுருகன் ரசமட்டத்தை எடுத்து ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"பாத்தீங்களாய்யா, நூல் புடிச்ச மாதிரி" என்று நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் மறுபடி குனிந்தார். குமிழி நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், எறும்பு ஊர்வதுபோல, வலதுபக்கமாக. இடதுபக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். கூடவே, இடது பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் கமான் பட்டை, ஏடு ஏடாக அடுக்கிய அந்த இரும்பு வில், ஒருமுறை முனகியது. யாரோ காலை உள்ளே வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெல்ல உட்காரும்போது எழுகிற சத்தம்.

வண்டியில் யாரும் இல்லை.

"முத்துராமண்ணே, ஒங்க தராசு ஏதும் கோளாறா?"

"என் தராசா? பருப்புல பத்துக் கிராம் வித்தியாசம் வந்தா கந்தர்வக்கோட்டையில என்னையக் கழுதை மேல ஏத்திருவாங்கய்யா! தராசைச் சொல்லாத, ஒன் பட்டையப் பாரு."

சொன்னாலும் முத்துராமனுக்கு மனம் கேட்கவில்லை. ஜாக்கி போட்டு ஏற்றி இடதுபக்கத் தராசுகளை வலதுபக்கமும், வலதுபக்கத்தை இடதுபக்கமும் மாற்றிப் பார்த்தார்கள். எண்கள் தராசுகளோடு போகவில்லை. வண்டியோடேயே நின்றன. திருமுருகன் சுவரில் சாக்பீஸால் கூட்டிக் கழித்தார்.

"போன வாரம் எடது சீட்டு இல்லாமப் பாத்தப்ப கச்சிதமா இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் சீட்டை மாட்டினோம். அந்தச் சீட்டு எடையக் கழிச்சாலும் நாப்பத்தாறு கிலோ கூட நிக்குதுங்கய்யா. எடது பக்கமாவே நிக்குது."

நாற்பத்தாறு.

ஆனந்தராஜ் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.  அறுபத்திரண்டு வயதுக்காரர், சுவரிலிருந்த அந்த எண்ணையே மறுபடி மறுபடி படித்தார்.

அந்தக் கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். இருக்கை இரண்டே இரண்டு. சீமையில் பந்தயத்துக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் குலதெய்வக் கோயிலுக்குப் போனது அதில்தான். மாப்பிள்ளை ஓட்டுவார். பெண் இடதுபக்கம். கழுத்தில் தாலி ஏறாத ஒருத்தி அந்த இடது இருக்கையில் உட்கார்ந்தாள் என்ற பேச்சு அந்த வீட்டில் கிடையாது.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன், இதேபோல ஒரு ஐப்பசி மாலையில், ஆனந்தராஜின் அண்ணன் வசந்தகுமார் அந்தக் காரோடு பெரிய கண்மாய்க்குள் போனார். அண்ணனையும் காரையும் வெளியே எடுத்தார்கள். அண்ணனைச் சுடுகாட்டுக்கும் காரைக் கொட்டகைக்கும் அனுப்பினார்கள். அதன் பிறகு அந்தக் காரை யாரும் தொடவில்லை. இப்போது சிவரஞ்சனி தன் கல்யாணத்துக்கு அது வேண்டும் என்று கேட்டாள். ஒரே மகள். தகப்பனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஏன் முடியாது என்று கேட்டுவிடுவாளே.

"உள்ளுக்குள்ள சேறு அடைச்சிருக்கும்" என்றார் திருமுருகன். "சீட்டைக் கழட்டி, அடித்தகட்டை அறுத்துப் பாத்துடலாங்க."

"வேணாம்."

எல்லோரும் திரும்பினார்கள். ஆனந்தராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அறுக்கிறதெல்லாம் வேணாம் தம்பி. அந்த எடை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதோடயே சமம் பண்ணிடு."

"அப்பா, அப்படிப் பண்ணக் கூடாதுப்பா. என்ன எடைன்னு தெரியாம அதுக்கேத்த மாதிரி ஸ்பிரிங் வைக்கிறதா? வளைவுல..."

"சொன்னதைச் செய்யி தம்பி."

போன மாதம் அந்த இருக்கையைத் தோல் மாற்றக் கொடுத்தபோது, தைக்கிறவர் ஒரு காகிதப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்திருந்தார். இருக்கையின் மடிப்புக்குள் கிடந்ததாம். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. அதை அவர் கிணற்றில் போட்டுவிட்டார். இன்னும் என்னென்ன கிடக்கிறதோ. அது மைத்துனன் கண்ணிலும் வெளியாள் கண்ணிலும் படுவதற்கு, அந்த எடை அங்கேயே இருப்பது மேல் என்று அவர் நினைத்தார்.

திருமுருகன் வேலைக்காரர். இடது பின்பட்டையில் கூடுதலாக ஓர் ஏடு சேர்த்தார். முன்ஸ்பிரிங்குக்கு அடியில் பேக்கிங் கொடுத்தார். நான்கு ஷாக்குகளிலும் ஆயில் மாற்றி, மூலைக்கு மூலை போய் வண்டியை அமுக்கி விட்டுப் பார்த்தார். ஒருமுறை எழும்பி அடங்கியது. ஓட்டுகிறவருக்குப் பதிலாக வலது இருக்கையில் எழுபது கிலோ முந்திரிக்கொட்டை மூட்டை. இடதுபக்கம் காலி. ஒவ்வொரு தடவையும் இறக்கி, எண் பார்த்து, மறுபடி ஏற்றி, சாயங்காலம் ஐந்து மணிக்கு ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது.

"ரெண்டு பேர் உக்காந்த மாதிரியே நிக்குதுங்கய்யா" என்றார் திருமுருகன், திருப்தியோடு.

வேலை நடந்த அவ்வளவு நேரமும் ஆனந்தராஜ் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கண் தராசின் சிவப்பு எண்களில் இருந்தது. நினைவு வேறொரு தராசில். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துத் தோப்பில், முந்திரிக்கொட்டை பொறுக்கிவரும் பெண்களுக்கு நிறுத்துப் போடும் வேலை இருபது வயதில் அவருடையது. ஒரு மத்தியானம் அந்தப் பெண்கள் தங்களில் ஒருத்தியைத் தள்ளித் தராசில் ஏற்றினார்கள். செவந்தி. அவர் கல் வைத்துப் பார்த்து, "நாப்பத்தாறு" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன், "கூடையோடயா, கூடை இல்லாமயா?" என்று கேட்டார். "கூடைய எறக்கி வச்சிட்டுத்தானே ஏறினேன்! கண்ணை எங்கிட்டு வச்சிருந்தீக?" என்றாள் அவள். களமே சிரித்தது. அண்ணனின் காது சிவந்தது.

அன்றைக்குச் சிரித்தவர்கள் யாருக்கும் அதற்குப் பிறகு நடந்தது தெரியாது.

கொட்டகைக்குள் வாசனை மாறியிருந்தது. உமி வாசனை போய்விட்டது. பாசி. நாள்பட்ட தண்ணீருக்கு அடியில் கிடக்கும் வண்டல். புவனேஸ்வரியும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றாள். முத்துராமன் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டு, "மழை வாசனைக்கா" என்றார். மழை வந்திருக்கவில்லை.

"மாமா, ஒரு போட்டோ எடுங்க" என்று செல்போனை நீட்டிவிட்டுச் சிவரஞ்சனி காரின் இடது கதவைத் திறந்தாள்.

"அடியே, தாலி ஏறாம அதுல உக்காராதடி!"

"அம்மா, நாலு நாள்ல ஏறப்போகுது. இது அட்வான்ஸ்."

ஆனந்தராஜ் எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எதுவும் நடக்கவில்லை. முத்துராமன் இரண்டு போட்டோ எடுத்தார். சிவரஞ்சனி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சீட்டு ஈரமா இருக்கு" என்றாள். பின்புறத்தைத் தட்டிக்கொண்டே இறங்கினாள்.

அவள் இறங்கியதும் வண்டியின் இடதுபக்கம் துள்ளி எழுந்தது. மிக உயரமாக. குமிழி இடதுகோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. திருமுருகன் ஓடிவந்து எண்களைப் பார்த்தார்.

"நாப்பத்தாறு கிலோ இல்லீங்கய்யா! கொறைஞ்சு போச்சு! இவ்வளவு நேரம் வேலை செஞ்சேனே..."

"என் தராசைத்தான மறுபடி சொல்லப் போற?" என்று முத்துராமன் கையிருப்பாகக் கொண்டுவந்த ஐந்தாவது தராசைத் தரையில் இழுத்துப் போட்டார். "ரஞ்சனி, இங்கிட்டு வாம்மா. ஏறி நில்லு. காலையில இதுலதான பாத்தோம், அம்பத்து மூணு. இப்பப் பாரு, அதே அம்பத்து மூணு காட்டும்."

அவள் ஏறி நின்றாள்.

தொண்ணூற்றொன்பது.

"மாமா, மத்தியானம் நீங்க வாங்கிக் கொடுத்த பரோட்டா" என்று சிரித்தாள். முத்துராமனும் சிரித்தார். திருமுருகன் சிரித்தார். புவனேஸ்வரிகூட.

ஆனந்தராஜ் மகளைப் பார்த்தார்.

மகளின் இடது தோள் இறங்கியிருந்தது. தண்ணீர்க்குடம் சுமப்பவளைப்போல. பின்னலின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தராசின் மேல் விழுந்தது. இன்னொன்று. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு, தனக்கே தெரியாமல், வலது உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே உயர்த்தி, அங்கே இல்லாத எதையோ மேல்நோக்கித் தள்ளினாள். ஒருமுறை. மறுமுறை. வேகமாக.

"அப்பா" என்றாள். "இங்க ஏன் மூச்சு முட்டுது?"

அந்தக் கையசைவை அவர் முன்பு பார்த்திருக்கிறார்.

கண்மாய்க் கரையில், மழையில், டார்ச் விளக்கோடு நின்றபோது. தண்ணீர் காரின் கழுத்துவரை இருந்தது. அண்ணனை இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள், உயிர் இல்லை. ஊர்க்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "வேற ஆள் உண்டாய்யா? உள்ள பாக்கவா?" என்று கத்தினார்கள். அவருடைய டார்ச் வெளிச்சம் காரின் பக்கக் கண்ணாடியில் விழுந்தது. மூடிய கித்தான் கூரைக்கு அடியில், கொஞ்சமே மிச்சமிருந்த காற்றில், ஒரு முகம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கூரையைத் தள்ளும் ஒரு கை. அதில் பச்சை வளையல். அந்தக் கண்கள் வெளிச்சத்தைப் பார்த்தன. அவரைப் பார்த்தன. தகப்பனாரும் பார்த்தார். தகப்பனாரின் கை அவர் தோளில் வந்து அழுந்தியது. தோப்பில் கொட்டை பொறுக்குகிற பெண், அந்த இருக்கையில், அந்தக் கயிற்றோடு. ஊர் பார்க்கக் கூடாது.

"அண்ணன் மட்டும்தாங்க. வேற யாரும் இல்லை" என்று இருபது வயது ஆனந்தராஜ் உரக்கச் சொன்னார்.

ஊர்க்காரர்கள் கரையேறிவிட்டார்கள். இரவோடு இரவாகக் காரை இழுத்தபோது பக்கத்தில் யாரையும் தகப்பனார் விடவில்லை. மூன்றாம் நாள் மடையோரம் செவந்தியின் உடல் ஒதுங்கியது. கால் தவறி விழுந்தவள் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள்.

"அப்பா..."

சிவரஞ்சனியின் உதடு நீலம் பாரித்திருந்தது. முத்துராமன் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

ஆனந்தராஜ் காரிடம் போனார். வலது இருக்கையிலிருந்த மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக் கீழே தள்ளினார். முந்திரிக்கொட்டை தரையெங்கும் சிதறி ஓடியது. ஏறி உட்கார்ந்தார். இடது கதவு திறந்தே இருந்தது. முணுமுணுப்பாக, "வாங்க" என்றார்.

தராசு தொண்ணூற்றொன்பது காட்டியது.

"வாங்க. அவளை விட்டுடுங்க."

தொண்ணூற்றொன்பது. மகளின் முழங்கால் மடங்கியது. புவனேஸ்வரி அலறிக்கொண்டு ஓடினாள்.

மைத்துனன் இருந்தான். வெளியாள் இருந்தார். மனைவி இருந்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக வீட்டுச் சுவர்களுக்குக்கூடச் சொல்லாதது. ஆனந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, நால்வருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அண்ணன் மட்டும் இல்ல. நீங்களும் இருந்தீங்க. உசுரோட இருந்தீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இல்லைன்னு சொன்னேன். இது ஒங்க எடம். வாங்க அண்ணி."

திருமுருகன் தராசைக் காட்டினார்.

சிவப்பு எண் இறங்கியது. தொண்ணூறு. எழுபத்தைந்து. அறுபது. ஐம்பத்து மூன்று. அங்கே நின்றது. சிவரஞ்சனி தாயின் தோளில் சாய்ந்து, நீண்ட மூச்சொன்றை இழுத்தாள்.

இடது பின்பட்டை முனகியது. கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. மரியாதையாக.

குமிழி நடுவுக்கு வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மகளிடமிருந்து இதைத் தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும். அது ஒன்றுதான் மனதில். சக்கரங்கள் தராசுகளிலிருந்து இறங்கின. "அய்யா! ரோட்டுல ஓட்டிப் பாக்கலீங்கய்யா!" என்று திருமுருகன் கத்தியது பின்னால் தேய்ந்தது.

மழை விழ ஆரம்பித்தது. இருட்டு இன்னும் முழுதாக வரவில்லை; சாம்பல் வெளிச்சத்தில் செம்மண் சாலை கறுத்து நனைந்தது. வண்டி எவ்வளவு அழகாக ஓடியது! பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஓர் அசைவு, உடனே அமைதி. முதல் வளைவில் சாயவே இல்லை. ஸ்டீயரிங் விரல் நுனிக்குப் பணிந்தது. அண்ணன் இப்படித்தான் ஓட்டியிருப்பார். இப்படித்தான், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு.

பக்கத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். மழை அல்ல. மழை மேலிருந்து விழுந்தது. இது இருக்கையிலிருந்து.

சாலை பிரியும் இடம் வந்தது. இடதுபக்கம் குளத்தூர். நேரே கண்மாய்க் கரை. அவர் இடதுபக்கம் ஒடிக்கப் பார்த்தார்.

ஸ்டீயரிங் மேல் ஒரு கை இருந்தது.

இழுக்கவில்லை. தள்ளவில்லை. சும்மா வைத்திருந்தது. பச்சை வளையல்கள். ஒன்று உடைந்திருந்தது.

ஸ்டீயரிங் திரும்பவில்லை.

"அண்ணி" என்றார். "நான் சொல்லிட்டேனே. எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேனே."

பின்னால் மடித்து வைத்திருந்த கித்தான் கூரை சரசரத்தது. எழுந்தது. தலைக்கு மேலே வந்தது. மூடியது. ஒரு கொக்கி. இன்னொரு கொக்கி.

பாசி வாசனை.

கரை. கருவேல மரங்கள். முடிவில், சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது தண்ணீர்.

பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடித்தது. சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சாயாமல், இழுக்காமல், நேராக, இறங்கியது.

குளிர். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. கண்ணாடிக்கு வெளியே பச்சை. கூரைக்கு அடியில் ஒரு சாண் காற்று. அவர் உள்ளங்கையை விரித்து மேலே தள்ளினார். ஒருமுறை. மறுமுறை. வேகமாக.

அப்போது வெளிச்சம் விழுந்தது. கரையில் டார்ச் விளக்குகள். ஆட்கள். வந்துவிட்டார்கள். தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். "வேற ஆள் உண்டாய்யா? உள்ள பாக்கவா?" அவர் கண்ணாடியில் அறைந்தார். டார்ச்சைப் பிடித்திருந்தவன் அவரை நேராகப் பார்த்தான். ஒல்லியான இளைஞன். நனைந்த சட்டை. அவன் தோளில் ஒரு பெரியவரின் கை.

"வேற யாரும் இல்லை" என்றான் அவன். இருபது வயதுக் குரல். அவருடைய குரல்.

விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கரையேறின. இடது இருக்கையிலிருந்து ஈரமான விரல்கள் வந்து, அவர் விரல்களோடு கோத்துக்கொண்டன.

ஊரில் இரண்டு பேச்சு உலவுகிறது. வண்டி ஒருபக்கமாக இழுத்ததால்தான் கண்மாய்க்குள் போனது, திருமுருகன் வேலையில் குறை என்கிறார்கள். அது தவறு. கரையில் பதிந்த டயர்த் தடம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. நான்கு சக்கரத் தடமும் ஒரே ஆழம்.

ஆனந்தராஜ் வண்டியில் தனியாகப் போனார் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு.